நூறு அங்குலத் திரை

ரெண்டுகோட்டு என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் பெயிண்டரைத் தெரியும். எந்தச் சுவரானாலும் இரண்டாவது கோட்டு அடிக்காமல் அவர் ரோலரைக் கழுவ மாட்டார். வீட்டுக்காரர் போதும் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டாலும் ஏணியை விட்டு இறங்க மாட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். அப்படிப்பட்ட மனிதர் மூன்று வாரமாக ஒரு வேலைக்கும் ஒழுங்காகப் போகாமல் கடை கடையாக ஏறி இறங்கி, வீட்டில் படம் போட்டுப் பார்க்கும் புரொஜெக்டருக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

காரணம், அவர் மனைவியின் கண்.

அவள் துணி ஆல்ட்டர் செய்யும் கடையில் பதினெட்டு வருடம் தையல் மிஷின் மிதித்தவள். போன வருடம் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு கதவு நிலையில் தோளை இடிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டி விட்டாள். வேடிக்கை என்னவென்றால், அதே ஆள் ஊசியில் ஒரே குத்தில் நூல் கோர்ப்பாள். இவ்வளவு பெரிய கதவு தெரியாதவளுக்கு இத்தனூண்டு ஊசிக்காது தெரிகிறதே, நடிக்கிறாளோ என்று தையல் கடை முதலாளியம்மா காதுபடவே கேட்டாள். பெயிண்டருக்கும் அது புரியவில்லை. புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை.

கண் டாக்டர் எல்லாவற்றையும் விளக்கமாகத்தான் சொன்னார். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போய்க்கொண்டு வருகிறது, முழுக்க அணைய ஒரு வருடமா இரண்டு வருடமா என்று சொல்வதற்கில்லை, இதற்கு மருந்து கிடையாது. 'மருந்து கிடையாது' என்றதோடு பெயிண்டரின் காது அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு டாக்டரின் வாய் அசைந்ததைத்தான் பார்த்தார். கையில் ஒரு தாளும் கொடுத்தார்கள். இரண்டு வட்டம், வட்டம் முழுக்கக் கறுப்பு, நடுவில் மட்டும் சின்ன வெள்ளை. அச்சடித்த மிஷினில் மை ஒழுகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து மடித்து ஃபைலில் வைத்துவிட்டார். ஆயிரம் சுவரில் ஈரம் எங்கே, விரிசல் எங்கே என்று பார்த்தவுடன் சொல்கிற மனிதர், அந்தத் தாளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அவர்கள் இருவருக்கும் சினிமாதான் உயிர். பிள்ளைகுட்டி இல்லை. வாரம் ஒரு படம், சில வாரம் இரண்டு. போன மாதம் தியேட்டர் இருட்டில் படியில் இறங்கும்போது அவள் கால் தவறி நாலு படி உருண்டாள். முட்டி பெயர்ந்தது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து எவனோ ஒருவன், "அக்கா இன்னைக்கு ஃபுல்லா ஏத்திட்டு வந்திருக்கு" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள், "இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று சொல்லி ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்க வேண்டிய நேரத்துக்கு மட்டும் எழுந்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

பெயிண்டர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவார். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்காது என்று நினைப்பு. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர் முடிவு செய்துவிட்டார். அவள் தியேட்டருக்குப் போக வேண்டாம், தியேட்டர் அவளிடம் வரட்டும். கண் முழுக்க அணைவதற்குள் ஒரு படத்தையாவது அவள் ஆசை தீர முழுசாகப் பார்த்துவிட வேண்டும். கண் மங்குகிறதா, படத்தைப் பெரிதாக்கு. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். ஒரு கோட்டு போதவில்லை என்றால் இன்னொரு கோட்டு.

யோசனை கேட்டது மனைவியின் தம்பியிடம். கூரியர் ஆபீசில் பார்சல் பிரிக்கிறவன். கையில் ஃபோனை வைத்துக்கொண்டு உலகத்தில் எதைப் பற்றியும் வாய்ப்பந்தல் போடுவான்.

"மாமா, சும்மா எதையாவது வாங்கிடாதீங்க. நான் நாப்பது வீடியோ பாத்துட்டேன். லேசர்னா ஒரு வெல, லேம்புனா ஒரு வெல. தூரம் கணக்கு இருக்கு, செவுத்துக்கும் மிஷினுக்கும்."

"கணக்கெல்லாம் கடையில பாத்துக்கலாம் மச்சான். எது ரொம்பப் பெருசா காட்டும்? அத மட்டும் சொல்லு."

"பெருசா காட்டறதுல என்ன இருக்கு? தெளிவு வேணும்ல. ஆனா ஒண்ணு, ரொம்ப இழுக்காதீங்க. கண் கெட்ட பிறகு சூரிய..."

வாயை விட்டவன் பாதியிலேயே நிறுத்தினான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு, பார்சல் வண்டி வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான்.

புது ஏணிக்கும் வண்டி ரிப்பேருக்கும் ஒதுக்கியிருந்த பணம்தான் பட்ஜெட். அந்தப் பணத்துக்கு முதல் நாலு கடையில் சிரிக்காத குறை. ஐந்தாவது கடை சின்னது. அதில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். காதுக்குப் பின்னால் ஸ்க்ரூ டிரைவரைச் செருகிக்கொண்டு வேலை பார்த்தாள். பெயிண்டர், ஓரத்தில் இருந்த பளபள அட்டைப் பெட்டியைத்தான் முதலில் எடுத்தார்.

"அத வச்சிடுங்கண்ணா" என்றாள் அவள். "பத்தாயிரம் லூமென்னு போட்டிருக்கான். வெளிச்சத்தோட அளவு அது. உள்ள முந்நூறு இருந்தா அதிசயம். படம் தெரியும், ஆனா யாரு கதாநாயகன் யாரு வில்லன்னு நீங்கதான் யூகிக்கணும்."

"அப்ப எதத்தான் வாங்கறது?"

"ரூம் எத்தன அடி?"

"ஹால் பதினாலடி நீளம். அதுக்கு நேர் பின்னால சமையக்கட்டு."

"இருட்டாக்க முடியுமா?"

"குகை மாதிரி ஆக்கிடுவேன்."

"பாக்கப்போறது யாரு?"

அந்தக் கேள்விக்குத்தான் அவர் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். "வீட்டுல பாக்கறதுக்கு" என்றார். அந்நிய மனுஷியிடம் பெண்டாட்டியின் கண்ணைப் பற்றிச் சொன்னால் அங்கேயே அழுதுவிடுவோம் என்ற பயம். அவளும் அதற்கு மேல் தோண்டவில்லை.

ஒரு கம்பெனி மீட்டிங் அறையிலிருந்து வந்த பழைய மிஷின் ஒன்று அவளிடம் இருந்தது. பார்க்கச் சுமாராக இருக்கும், காற்றாடி இரையும், ஆனால் வெளிச்சம் நிஜ வெளிச்சம். உள்ளே இருக்கும் விளக்கு இன்னும் ஆயிரத்தைந்நூறு மணி நேரம் எரியும் என்று மீட்டரைக் காட்டினாள். பெயிண்டர் மனதுக்குள் கணக்குப் போட்டார். நாளைக்கு ஒரு படம் என்றால் அறுநூறு நாள். டாக்டர் சொன்னது ஒரு வருடம், இரண்டு வருடம். விளக்கு முதலில் அணையுமா, அவள் கண் முதலில் அணையுமா என்று கடை நடுவில் நின்றுகொண்டு ஒரு மனிதன் யோசிக்க வேண்டியிருக்கிறது.

"திரை?" என்றாள் கடைக்காரப் பெண்.

மேலிருந்து இழுத்துவிடும் திரை ஒன்றைக் காட்டினாள். பெயிண்டர் சுவரைத் தடவுகிற மாதிரி அதைத் தடவினார். "ஓரத்துல அலை அடிக்குதே. இத விட என் செவுரு நேரா இருக்கும்."

"செவுத்துலயே போடப் போறீங்களா? நல்லா பூசினா தாராளமா போடலாம். திரை காசு மிச்சம். ஆனா ரொம்பப் பெருசா வேணாம்ணா. கண்ணுக்கு..."

"பெருசாத்தான் வேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார் பெயிண்டர். "உங்க மிஷின் எவ்வளவு பெருசு காட்டுமோ அவ்வளவு."

"பத்தடி தூரத்துல வச்சா நூறு அங்குலம் வரும்."

நூறு அங்குலம்! வீடு வரைக்கும் அந்த வார்த்தையை வாயில் போட்டு மென்றுகொண்டே வந்தார்.

அடுத்த பத்து நாள் அந்த ஹால் சுவர் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! பழைய பெயிண்டைச் சுரண்டினார். பட்டி பார்த்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், மறுபடி பட்டி பார்த்தார். டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, நிழல் விழுகிற மேடு ஒவ்வொன்றையும் தேடித் தேடி இழைத்தார். வெள்ளையில் சொட்டுச் சொட்டாகக் கறுப்பைக் கலந்து, பளபளப்பே இல்லாத சாம்பல் நிறம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஏழடி அகலம், நாலடி உயரம், சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்புச் சட்டம். பிறந்ததிலிருந்து முதல் முறையாக ஒரு சுவருக்கு மூன்று கோட்டு அடித்தார்.

"எவ்வளவு பெருசு?" என்று நாற்காலியிலிருந்து அவள் கேட்டாள். அந்த வாரத்தில் அவளாக வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

"நூறு அங்குலம்மா!"

"அவ்வளவா" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா இருக்கும்" என்றாள். அவர் பூரித்துப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாம் தயார். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி, கதவிடுக்கில் பழைய போர்வை. பெயிண்ட் வாளி மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அதன்மேல் மிஷின். சுவரிலிருந்து எட்டடியில் சோபா. விளக்கை அணைத்துவிட்டு, "வாம்மா" என்று கூப்பிட்டார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கை மட்டும் காற்றில் துழாவியது. அவர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை ஜில்லிட்டிருந்தது.

"பயப்படாத. இது நம்ம வீடு. படிக்கட்டு கிடையாது."

"பயமெல்லாம் இல்லங்க. எங்க உக்காரணும்னு சொல்லுங்க."

அவர்களுக்குக் கல்யாணமான வருடம் வந்த சிரிப்புப் படம்தான் போட்டார். இருவரும் பதினோரு தடவை பார்த்த படம். எழுத்து ஓடும்போதே பெயிண்டர் படத்தை விட்டுவிட்டுச் சுவரைத்தான் பார்த்தார். சுவர் அப்படி இருந்தது. ஒரு மேடு பள்ளம் இல்லை. ஆட்களின் முகத்தில் வியர்வைகூடத் தெரிந்தது. அவள் முதல் நகைச்சுவைக்குச் சிரித்தாள், இரண்டாவதுக்கும் சிரித்தாள். அவர் படத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தெய்வமே, இது போதும் என்று நினைத்தார்.

பிறகு அந்தப் பஸ் காட்சி வந்தது. வசனமே இல்லாத காட்சி. மாமனாருக்குப் பயந்து நாயகன் பஸ்ஸின் பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்குவான். மாமனார் முன்வாசலில் ஏறிப் பின்வாசலில் இறங்குவார். மூன்று தடவை இப்படி. தியேட்டரில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரும், பக்கத்து சீட்டுக்காரர் தொடையில்கூட ஒரு தடவை தட்டியிருக்கிறாள். இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. தலையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பித் திருப்பி எதையோ துரத்திக்கொண்டிருந்தாள். பின்வாசலைத் தேடிப் பிடிப்பதற்குள் நாயகன் இறங்கிவிட்டான். முன்வாசலுக்கு வருவதற்குள் மாமனார் ஏறிவிட்டார். பஸ்ஸும் போய்விட்டது. அவள் இன்னும் வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயிண்டர் படத்தை நிறுத்தினார். காற்றாடி மட்டும் இரைந்தது.

"உனக்கு என்ன தெரியுது?"

"தெரியுதுங்க. நல்லாத்தான் தெரியுது."

"என் தலமேல அடிச்சு சொல்லு."

அவள் அடிக்கவில்லை. முகத்துக்கு நேரே இரண்டு கைகளையும் குவித்து ஒரு வட்டம் பிடித்துக் காட்டினாள். "இவ்வளவுதாங்க தெரியும். ஓட்டை வழியா பாக்கற மாதிரி. ஓட்டைக்குள்ள தெரியறது நல்லாத் தெரியும், ஊசிக்காதுகூட. சுத்திலும் ஒண்ணும் கிடையாது. நீங்க இவ்வளவு பெருசா போட்டீங்களா, ஒருத்தரோட மூக்குதான் உள்ள வருது. வாயத் தேடிப் போறதுக்குள்ள பேசி முடிச்சிடறாங்க. வசனம் மனப்பாடம்ங்கறதால சிரிச்சேன்."

மை ஒழுகிய தாள் பெயிண்டரின் கண்முன் வந்தது. கறுப்பு வட்டத்துக்குள் சின்ன வெள்ளை. மை ஒழுகவே இல்லை. அவளுடைய பார்வையையே படம் பிடித்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதை மடித்து வைத்துவிட்டு, மூன்று வாரம் ஊரெல்லாம் அலைந்து, அவளால் எது பார்க்கவே முடியாதோ அதைத் தேடித் தேடி வாங்கி வந்திருக்கிறார். இருட்டு ஆகாதவளுக்குக் குகை. நூறு அங்குலம். அவருக்குத் தன் தலையைக் கொண்டுபோய் அந்தச் சுவரிலேயே முட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"ஏன்மா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவள் கையால் தேடி அவர் தோளைத் தொட்டாள்.

"குழாயத் தொறந்துட்டு அழுதா கேக்காதுன்னு நெனச்சீங்களா? எனக்குக் கண்ணுதாங்க போகுது, காது இல்ல. இந்த மிஷினத் தேடி அலைய ஆரம்பிச்சப்புறம் நீங்க அழல. பட்டி பாக்கறப்போ பாட்டுகூட முணுமுணுத்தீங்க. அதப் போய் நான் கெடுப்பனா?"

பெயிண்டர் அவள் மடியில் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதார். இந்தத் தடவை குழாய் இல்லை, மறைப்பு இல்லை. அவள் அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த காய்ந்த பெயிண்டை நகத்தால் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அழுகை ஓய்ந்ததும் எழுந்தார். பிடித்த முயலை அவ்வளவு சீக்கிரம் விடுகிற ஆளா? பெரிதாக்கினால் தெரியாது என்றால், சின்னதாக்க வேண்டும். மூன்று வாளியில் இரண்டை உருவிவிட்டு, மிச்சமிருந்த ஒன்றின்மேல் மிஷினை வைத்துச் சுவருக்குக் கிட்டத்தில் தள்ளினார். படம் சுருங்கிச் சுருங்கி, சுவரின் அடிப்பாகத்தில் மூன்றரை அடிக்கு வந்து நின்றது. அதற்கு மேல் தள்ளினால் கலங்கியது. பத்து நாள் இழைத்த சுவரில் முக்கால்வாசி இருட்டில் கிடந்தது.

"இப்போ?"

"பாதிதாங்க தெரியுது. நான்தான் தள்ளிப் போகணும்."

தள்ளிப் போவதற்கு இருந்த ஒரே இடம் சமையலறை. சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து, அடுப்பு மேடையைத் தாண்டிக் கடைசிச் சுவரோரம் உட்கார வைத்தார். சுவரில் இருக்கும் படத்துக்கும் அவளுக்கும் நடுவில் இப்போது இருபதடி. வாசல் வழியாக நேராகத் தெரிந்தது. பஸ் காட்சியை மறுபடி போட்டார்.

நாயகன் ஏறினான். மாமனார் இறங்கினார். அவள் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "ரெண்டு வாசலும் தெரியுதுங்க! பஸ் முழுசா தெரியுது!" பெயிண்டர் பைத்தியக்காரன் போல ஓடிவந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எங்க போயிட்டீங்க?" என்றாள் அவள்.

"இங்கதாம்மா. உன் பக்கத்துல."

அவள் முகத்தைத் திருப்பி அவரைத் தேடினாள். கண்டுபிடித்ததும் நெற்றியைப் பார்த்தாள், பிறகு மீசையைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸப் பாத்தாச்சு. உங்கள முழுசா பாத்து எத்தன மாசம் ஆச்சு தெரியுமா?" என்றாள். "எப்பவும் பக்கத்துலயே நிக்கறீங்க. கையப் புடிச்சுக்கிட்டே. பக்கத்துல இருந்தா எனக்குத் துண்டு துண்டாத்தான் தெரியறீங்க. அங்க போங்க. அந்த வெளிச்சத்துல நில்லுங்க."

அவர் போனார். படம் ஓடிக்கொண்டே இருந்தது. மிஷினுக்கு முன்னால் போய் நின்று அவள் பக்கம் திரும்பினார்.

"முட்டிதான் வெளிச்சத்துல இருக்கு" என்றாள் அவள் அங்கிருந்து. "மூஞ்சி இருட்டுல நிக்குது. குனியுங்க."

குனிந்தார்.

"ஆங், மூஞ்சி வந்திடுச்சு. ஆனா இப்ப கால் போயிடுச்சு. கொஞ்சம் பின்னாடி போங்க."

பின்னாடி போனார்.

"இன்னும் கொஞ்சம்."

முதுகு சுவரில் முட்டியது. மூன்று கோட்டு அடித்த சுவர். அதற்குப் பின்னால் தெருதான்.

"இன்னும் ஒரே ஒரு அடிங்க. ஓரத்துல கொஞ்சம்தான் வெட்டுது."

"இதோ போறேம்மா" என்றார். போக இடமில்லை என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். காலை மடக்கினார். முட்டியைக் கைகளால் சேர்த்துக் கட்டி நெஞ்சோடு இறுக்கினார். தோளை உள்ளே இழுத்தார். ஐம்பத்துநாலு வயது உடம்பை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கினார். மிஷின் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்ததில் சமையலறை அவருக்கு வெறும் இருட்டாக இருந்தது. அவள் எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை.

"இப்போ?" என்று அந்த இருட்டைப் பார்த்துக் கேட்டார். "இப்போ முழுசா வந்துட்டனா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"வந்துட்டீங்க" என்றாள். "அப்படியே இருங்க. அசையாதீங்க."

அவர் அசையவில்லை. அடுத்த மாதம் இதைவிடச் சின்னதாக எப்படி மடங்குவது என்று தெரியாமல், கால் மரத்துப்போன பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.